சொரூபம் ஆடுது

சூசைதாசன் எந்தக் கதிரையிலும் உடனே இருந்துவிடமாட்டார். முதலில் அதன் முதுகைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். கலியாண மண்டபமாக இருந்தாலும் சரி, டொக்டரின் அறையாக இருந்தாலும் சரி, இந்தச் சோதனை முடியாமல் அவர் இருந்ததில்லை. கனடாவின் ஸ்காபரோவில் அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எந்தப் படிக்கட்டின் கைபிடி கழன்றிருக்கிறது என்பது கட்டடத்தைப் பராமரிப்பவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

“உங்களுக்குச் சூசை எண்டு பேர் வைச்சது பிழையப்பா,” என்பாள் மனைவி றீற்றா. “தோமையார் எண்டெல்லோ வைச்சிருக்கோணும். தொட்டுப் பாத்தால்தானே நம்புவியள்.”

அந்தப் பழக்கம் கோயிலில் தொற்றிக்கொண்டது. மன்னாரில் இருந்த காலத்தில், பெருநாளன்று மாதாவின் சொரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் தூக்குவதற்கு முன், அதன் அடியைப் பிடித்து அசைத்துப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. “ஆடுது, இறுக்கு” என்று அவர் சொன்னால் இன்னொரு சுற்றுக் கயிறு விழும். “ஆடேல்லை” என்று சொன்ன பிறகுதான் பங்குச் சுவாமியே நகருவார். பன்னிரண்டு பெருநாட்களில் மாதா ஒருமுறைகூடச் சரியவில்லை. இதைச் சூசைதாசன் பெருமையாகச் சொல்வதில்லை. றீற்றாதான் சொல்லுவாள், அதுவும் அவர் இல்லாத இடத்தில்.

ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடம் பிஸ்கற் தொழிற்சாலையில் நின்றார். அங்கே ஆட்டிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. பெல்ற்றில் வருகிற பெட்டியை எடுத்து மற்றப் பெல்ற்றில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்ததுதான் மிச்சம். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில், நாற்பத்தேழு வயதில், அவருக்கு மனுவேலின் பட்டறையில் வேலை கிடைத்தது. ஓவியங்களையும் சிலைகளையும் ஊர்விட்டு ஊர் அனுப்புவதற்கு மரப்பெட்டி அடித்து, ஸ்பொஞ் வைத்துப் பொதி பண்ணுகிற சின்னப் பட்டறை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதா இல்லையா என்று சொல்கிறேன் என்றார் மனுவேல்.

மனுவேல் போர்த்துக்கல்காரர். அறுபது வயது, தடித்த மீசை, கழுத்தில் சிலுவை. சூசைதாசனின் தாய்மாமனுக்கும் மனுவேல் என்றுதான் பெயர். அதனாலேயே முதல் நாளே அவர்மீது ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரிடமும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது.

இரண்டாவது நாள் சூசைதாசன் பூட்டிய அலுமாரிக்கு முன்னால் நின்று, “உதின்ரை சாவி எங்கை?” என்று தனக்குள் முணுமுணுத்தார். மனுவேல் திரும்பிப் பார்த்தார்.

“ஷாவ்?” என்று கேட்டுத் திறப்புக் கோர்வையைத் தூக்கிக் காட்டினார்.

சூசைதாசன் திகைத்துப்போனார். பிறகு அலுமாரியைத் தட்டி, “அலுமாரி” என்றார். மனுவேல், “அர்மாரியு” என்றார். அன்று இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பட்டறையைச் சுற்றி வந்தார்கள். மேசை, கதிரை, யன்னல், வாங்கு, சப்பாத்து, துவாய் என்று ஒவ்வொன்றாகச் சூசைதாசன் சுட்டிக்காட்ட, மனுவேல் தன் உச்சரிப்பில் அதையே திருப்பிச் சொன்னார். பெட்டி நெம்புகிற இரும்புக் கம்பியைத் தூக்கி அலவாங்கு என்றபோது மனுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானூறு வருடத்துக்கு முன்னர் போர்த்துக்கேயரின் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் எக்ளின்ரன் வீதிப் பட்டறையில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. அன்றிலிருந்து அவர்களுக்கு வேலை தடையின்றி நடந்தது. பொருள்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. வினைச்சொற்களுக்குத்தான் கையையும் காலையும் ஆட்டவேண்டியிருந்தது.

மூன்றாவது மாதத்தின் கடைசிக் கிழமையில் அந்தச் சிலை வந்தது.

வெண்கலம். மூன்றடி உயரம். வெள்ளை மாபிள் பீடத்தில் ஒரு ஆணும் பெண்ணும் சுழன்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பாவாடை இடுப்பிலிருந்து இறங்கி, அலைபோலச் சுழன்று, தரையோடு தரையாகப் பரவிக் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கம் சரிந்திருந்தார்கள், இன்னொரு அடி வைத்தால் விழுந்துவிடுவார்கள் என்கிற அளவுக்கு. அவளுடைய முகம் அவன் தோளடியில் சாய்ந்திருந்தது. இதைச் செய்தவர் பிரெஞ்சுக்காரி, நூறு வருடத்துக்கு முந்தியவர் என்று மனுவேல் சொன்னார். பெயர் கமீல் என்றார். ஜமீல் என்றுதான் சூசைதாசனின் காதில் விழுந்தது. அவருடைய கட்டடத்தின் கீழ்மாடியில் ஜமீல் என்று ஒருவர் இருக்கிறார். பொம்பிளைக்கும் அந்தப் பெயரை வைப்பார்களா என்று யோசித்தார்.

அந்த இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

“இண்டைக்கு ஒரு சொரூபம் வந்தது. ஆணும் பெண்ணும் டான்ஸ் ஆடினம். ஆம்பிளைக்கு உடுப்பில்லை.”

“சீ, உடுப்பில்லாததைப் போய்ச் சொரூபம் எண்டு சொல்லாதேங்கோ,” என்றாள் றீற்றா. முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்திருந்தாள். “வாயிலை தட்டிப்போட்டு, சிலை எண்டு சொல்லுங்கோ.”

“முதல்லை ரெண்டுபேருக்குமே உடுப்பில்லையாம். ஆரோ ஒரு கவர்மென்ற் ஒபிசர் பாத்துட்டு, உது சரிவராது எண்டு சொன்னவராம். பிறகுதான் பொம்பிளைக்குப் பாவாடை போட்டதாம். மனுவேல் சொன்னவர், பாவாடை எண்டு கையாலை காட்டி.”

“அந்த ஒபிசர் ஆம்பிளையைப் பாக்க மறந்துபோனாரோ?”

சூசைதாசன் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அந்தப் பெட்டை விழப்போறாள் றீற்றா. எண்டாலும் அவளுக்குப் பயமில்லை. முகத்தைப் பாத்தால் தெரியும்.”

றீற்றா நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தொரு வருடத்தில் அவர் இப்படியொரு வசனம் சொல்லிக் கேட்டதில்லை. “மீனைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது,” என்றாள்.

அவர் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. சிலையை அளவெடுக்கும்போது வழக்கம்போல அடியைப் பிடித்து அசைத்துப் பார்த்திருந்தார். மேலுக்குத் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது. வெண்கலத்துக்கும் மாபிளுக்கும் இடையில் ஒரு மயிரிழை அசைவு. அடியில் எங்கோ நட் கழன்றிருக்கிறது. நேரே நிற்கிற சிலை என்றால் பரவாயில்லை. இது பிறக்கும்போதே சரிந்தது, பாரம் முழுவதும் ஒரு பக்கம். அது போகவேண்டிய மொன்றியல்வரை லொறியில் குலுங்கிப் போனால் போல்ற் மாபிளைப் பிளந்துவிடும். மனுவேல் அன்று பின்னேரம் வெளியே போயிருந்தார். சிலையின் நிலைமையை எழுதவேண்டிய படிவம் மேசையில் இருந்தது. சூசைதாசன் அதைக் கவனமாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

இப்படிப் படிவங்களை நிரப்புவது மகள் மெலனியின் வேலை. பதினேழு வயது. ஏழு வயதில் கனடாவுக்கு வந்தவள். அன்றைக்கு அவளுக்கு அடுத்த நாள் கெமிஸ்ற்றி சோதனை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே படிவத்தை வாங்கினாள்.

“என்ன எழுத, அப்பா? குயிக்கா சொல்லுங்கோ.”

“ஆணும் பெண்ணும். வெண்கலம். கீறல் ஒண்டுமில்லை. ஆடுது எண்டு எழுது.”

“ஆடுது. ஓகே. வேறை?”

“வேறை ஒண்டுமில்லை. ஆடுது, அதுதான் முக்கியம்.”

மெலனி சரிந்த எழுத்தில் கிறுக்கிக் கொடுத்தாள். சூசைதாசன் கீழே கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மனுவேல் படிவத்தை வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு பெரிதாகச் சிரித்து, சூசைதாசனின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, சிலைக்குச் சொந்தக்கார அம்மாவுக்குப் ஃபாக்ஸ் பண்ணினார். மத்தியானம் பதில் வந்தது. அந்த அம்மாவும் சந்தோஷப்பட்டு எழுதியிருந்தார். இவ்வளவு அழகான றிப்போட்டைத் தான் பார்த்ததேயில்லை என்றும், இதை எழுதியவருக்கு நன்றி சொல்லச் சொல்லியும் இருந்தது. மொன்றியலில் இருக்கிற பேத்தியின் கலியாணத்துக்குப் போகிற பரிசாம் அது.

சூசைதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமான் ஆடுகிறது என்று சொன்னால் சொந்தக்காரர் சந்தோஷப்படுவாரா? பணக்காரருடைய விஷயம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பெரிய லொறியில் பத்திரமாகப் போகிற ஏற்பாடு இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் கை கேட்கவில்லை. பின்னேரம் சிலையைப் பெட்டிக்குள் இறக்கியபிறகு, மனுவேல் மூடியைப் போடுவதற்கு முன்னர், சூசைதாசன் பாவாடைப் பக்கமாக இன்னும் இரண்டு ஸ்பொஞ் துண்டுகளைச் செருகினார். மனுவேல் டிறில்லை எடுத்து இருபத்திரண்டு ஸ்குறு ஆணிகளையும் இறுக்கினார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லொறி என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே மெலனியைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஆடுது எண்டதுக்கு அவையள் ஏன் சிரிச்சவை?”

“ஐ டோன்ற் நோ. டான்ஸிங் எண்டு எழுதினது கியூற்றா இருந்திருக்கும்.”

“என்னெண்டு எழுதினனி?”

“டான்ஸிங். நீங்கதானே சொன்னீங்க, ஆடுது எண்டு. அவை டான்ஸ் ஆடினம் எண்டு நேற்று நீங்கதானே அம்மாட்டை சொன்னீங்க!”

சூசைதாசன் ஒரு சப்பாத்தோடு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். அன்றைக்கு வாங்கை ஆட்டிப் பார்க்கவில்லை.

“அட பிள்ளை, உனக்குப் பல்லு ஆடினால் என்ன சொல்லுவாய்? பல்லு டான்ஸ் ஆடுது எண்டோ?”

மெலனி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. “ஓ மை கோட். அது லூஸ், அப்பா. வொபிள் பண்ணுது. யூ ஷுட் ஹாவ் செட் வொபிள்!”

“அந்தச் சொல்லு தெரிஞ்சால் நான் ஏன் உன்னைக் கேக்கிறன்?”

பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மனுவேலின் வீட்டு நம்பர் அவரிடம் இல்லை. சூசைதாசன் யன்னலடியில் போய் நின்றுகொண்டார். மாபிள் உடைந்தால் றிப்போட்டில் இருப்பது அவருடைய கையெழுத்து. மூன்று மாதம் முடிய நாலு நாள் கிடந்தது. திரும்பவும் பிஸ்கற் பெல்ற்றுக்கு முன்னால் போய் நிற்கவேண்டிவரும். அதையும்விட, தன் கை கண்டுபிடித்த ஒரு பிழையைத் தானே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தது அவரை அரித்தது.

“யோசியாதேங்கோ,” என்றாள் றீற்றா. “நாளைக்கு நானும் வாறன். மெலனிக்குக் காலமை கடையிலை வேலை. என்ரை இங்கிலிசு ஏசுறதுக்குக் காணும்.”

சனிக்கிழமை அவர்கள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. லொறி ஏற்கெனவே வந்து நின்றது. சாரதி, கோப்பிக் கப்போடு ஒரு சீக்கிய இளைஞர், பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்கு ஆயத்தமாக நின்றார். சூசைதாசன் ஓடிப்போய்ப் பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

“நோ, நோ. மனுவேல், வொபிள்! வொபிள்!”

வழி நெடுகப் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிய சொல். மனுவேல் புருவத்தைச் சுருக்கினார். “வாஃபிள்?” என்று கேட்டு, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த டோனற் கடையைக் காட்டினார். சாரதி கோப்பி சிந்தச் சிந்தச் சிரித்தார்.

றீற்றா முன்னுக்கு வந்தாள். சிலை சரியில்லை, அடி சரியில்லை, பெட்டியைத் திற என்று தன் ஆங்கிலத்தில் சொன்னாள். மனுவேல் பொறுமையாகக் கேட்டார். சரிந்திருக்கிறது, எனக்குத் தெரியும், அந்தப் பெண் அப்படித்தான் செய்திருக்கிறாள், அதுதான் அதன் அழகு என்றார். உடம்பை ஒரு பக்கம் சரித்தும் காட்டினார். இருபத்திரண்டு ஆணியைக் கழற்றித் திரும்பப் பூட்ட ஒரு மணித்தியாலம் போகும், லொறி நிற்காது என்று சாரதியைக் காட்டினார்.

“சரிஞ்சிருக்கு எண்டு விளங்கிக்கொண்டு நிக்கிறார்,” என்றாள் றீற்றா. “ஆடுது எண்டதை எப்பிடியப்பா சொல்லுறது?”

சூசைதாசன் சுற்றிலும் பார்த்தார். பட்டறையில் கிடந்த ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பெயர் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. கீழே கிடந்த ஒரு சதுரப் பலகைத் துண்டை எடுத்து நிலத்தில் போட்டார். அதற்கடியில் ஒரு ஸ்குறு ஆணியைப் படுக்கவைத்தார்.

“இஞ்சாரும், வாரும். இதிலை ஏறும்.”

“என்னத்துக்கு?”

“ஏறுமன்.”

றீற்றா தடித்த கோட்டோடு பலகையில் ஏறினாள். சூசைதாசன் அவளுடைய வலது கையைத் தன் இடது கையில் எடுத்தார். மற்றக் கையால் கோட்டுக்குள் அவளுடைய இடுப்பு எங்கே என்று தேடிப் பிடித்தார்.

“ஐயோ, விடுங்கோ! ஆக்கள் பாக்கினம்!”

“பாக்கத்தானே செய்யிறன். தலையை இஞ்சை சாயும். இல்லை, இந்தத் தோளிலை. அப்பிடித்தான். இப்ப என்னோடை சேந்து சரியும்.”

“நான் விழுந்தால்?”

“விழமாட்டீர். பிடிச்சிருக்கிறன்.”

அவர் சரிந்தார். அவளும் சரிந்தாள். தலையில் தேங்காயெண்ணெயும் கோட்டில் வெங்காயமும் மணக்கிற மனைவியைத் தாங்கிக்கொண்டு, சூசைதாசன் அந்த வெண்கல மனிதன் நின்ற அதே நிலையில் நின்றார். மனுவேல் சிரிக்க வாயெடுத்தார். சூசைதாசன் தன் சப்பாத்து நுனியால் பலகையை மெல்லத் தட்டினார்.

பலகை ஆணியில் உருண்டது. றீற்றாவின் கால் ஒரு பக்கம் போக உடம்பு மறுபக்கம் போனது. “மாதாவே!” என்று கத்தியபடி அவள் கணவனின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மனுவேல் பாய்ந்துவந்து அவளுடைய முழங்கையைத் தாங்கினார். சாரதி கோப்பிக் கப்பைக் கீழே போட்டுவிட்டார்.

சூசைதாசன் மனைவியை விடாமலே முகத்தால் பலகையைக் காட்டினார். பிறகு பெட்டியைக் காட்டினார். பிறகு மறுபடியும் பலகையை.

மனுவேலின் சிரிப்பு நின்றது. தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொல்லிச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். டிறில்லை எடுத்தார்.

இருபத்திரண்டு ஆணிகளும் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஸ்பொஞ்சை விலக்கியபோது ஆடிக்கொண்டிருந்த இருவரும் வெளியே வந்தார்கள், ஒன்றும் நடவாதது போல. மனுவேல் விரலைப் பாவாடையின் விளிம்புக்கும் மாபிளுக்கும் இடையே வைத்தார். மற்றக் கையால் மெல்ல அசைத்தார். பிறகு விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் மா போல ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். மேசையிலிருந்து பெட்டிக்குத் தூக்கி வைத்ததிலேயே மாபிள் அரையத் தொடங்கியிருந்தது.

மனுவேல் சாரதியிடம் போய் லொறியைத் திருப்பி அனுப்பினார். சொந்தக்கார அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துத் தன் அரைகுறை ஆங்கிலத்தில் நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்து சூசைதாசனுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார், வாங்கப்போகிற சாமானின் தரத்தைப் பார்ப்பதுபோல. றீற்றாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். றீற்றா தமிழில் சொன்னாள்.

“இனி உங்கடை கை படாமல் இஞ்சை ஒரு பெட்டியும் மூடுறதில்லையாம். நாலு நாள் பொறுக்கத் தேவையில்லையாம், வேலை உங்களுக்குத்தானாம்.”

சூசைதாசன் தலையை ஆட்டினார். சிலையைப் பத்திரமாக மேசையில் ஏற்றுவதற்கு இடம் பண்ணத் தொடங்கினார்.

மனுவேல் மீசையைத் தடவிக்கொண்டு றீற்றாவிடம் இன்னொன்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். றீற்றா முகம் சிவந்து, கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, “நோ. இருபத்தொரு வருஷம். ஃபெர்ஸ்ற் ரைம்,” என்றாள். பதற்றத்தில் பாதி தமிழாக வந்துவிட்டது. ஆனாலும் மனுவேலுக்கு விளங்கிவிட்டது.

“என்னவாம்?” என்று கேட்டார் சூசைதாசன், மேசையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே.

“ஒண்டுமில்லை.”

“இல்லை, என்னமோ கேட்டவர். வீடு, டான்ஸ் எண்டு காதிலை விழுந்தது.”

“மேசை பலமானதோ எண்டு கேட்டவர்,” என்றாள் றீற்றா. “நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.”